சார்ஜ் ஏறுகிறது, கோப்பு வரவில்லை

உபுண்டு ஓடும் மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு கைபேசியைச் செருகுகிறார் ஒருவர். போனில் மின்னல் குறி வருகிறது, சார்ஜும் ஏறுகிறது. கணினித் திரையில் மட்டும் சலனமே இல்லை. கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலில் போனின் பெயர் வருவதில்லை; வந்தாலும் சொடுக்கினால் திறப்பதில்லை; திறந்தாலும் உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. கல்யாணப் படங்களைப் பத்திரப்படுத்த உட்கார்ந்தவர், கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் ஒட்டிப் பார்க்கிறார். தேவையில்லாத தொகுப்புகளை நிறுவுகிறார். கடைசியில் லினக்ஸில் போன் வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அந்த முடிவு தவறானது. போனுக்கும் கணினிக்கும் நடுவே கேபிள், போன் தரும் அனுமதி, லினக்ஸின் மையமான கெர்னல், கோப்புப் பரிமாற்றத்துக்கான எம்டிபி மென்பொருள், கோப்பு மேலாளர் என்று ஐந்து கண்ணிகள் இருக்கின்றன. எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: கோப்பு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அறுந்த இடத்தில் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அதைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனால், எங்கே கோளாறு என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். எதையும் நிறுவுவதற்கு முன்னால் பார்ப்பது, இந்த அத்தியாயம் வலியுறுத்தும் ஒரே ஒழுங்கு அதுதான்.

கட்டளைகளின் பெயர்கள் இங்கே ஒலிப்பின்படி வருகின்றன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும்.

பென் டிரைவாக இருந்த காலம்

ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் கணினியிடம் தங்களைப் பென் டிரைவாகவே காட்டிக்கொண்டன. யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் எனப்படும் அந்த முறையில் மெமரி கார்டு முழுவதும் கணினியின் கைக்குப் போய்விடும். ஃபேட்32 போன்ற ஒரு கோப்பமைப்பில் போனும் கணினியும் ஒரே நேரத்தில் எழுதினால் தரவு சிதைந்துவிடும். ஆகவே கணினி எடுத்துக்கொண்ட அந்த நொடியே போன் கார்டை விட்டுவிட வேண்டியிருந்தது. இணைப்பில் இருக்கும் வரை கார்டில் படம் சேமிக்க முடியாது. அதில் நிறுவிய செயலிகளும் ஓடாது.

2011இல் நிலைமை மாறியது. ஆண்ட்ராய்டு 3.0 டேப்லட்டுகளிலும், அந்த ஆண்டின் கடைசியில் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் போனிலும் கூகுள் மாஸ் ஸ்டோரேஜைக் கைவிட்டது. செயலிகளுக்கு ஒரு பகுதி, படங்களுக்கு ஒரு பகுதி என்று பிரிக்காமல், எல்லாம் ஒரே உள் சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் போனிடமிருந்து அதன் ஒரே சேமிப்பகத்தைக் கணினி பிடுங்கிக்கொள்ள முடியாது. அந்த இடத்துக்கு வந்ததுதான் எம்டிபி, அதாவது மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால். கேமராக்களுக்கென இருந்த பிடிபி நெறிமுறையை விரித்து மைக்ரோசாஃப்ட் இதை உருவாக்கியது. 2008இல் இது யுஎஸ்பியின் முறையான சாதன வகுப்புகளில் ஒன்றானது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. மாஸ் ஸ்டோரேஜ் என்பது நூலகத்தின் சாவியையே வாங்கிக்கொண்டு உள்ளே போவது. எம்டிபி என்பது கவுண்டரில் நின்று எண்ணைச் சொல்லிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது. எம்டிபியில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் எண் உண்டு. கணினி எண்ணைச் சொல்கிறது, போன் எடுத்துத் தருகிறது. சேமிப்பகத்தின் உட்பக்கம் எந்தக் கோப்பமைப்பில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது.

இதிலிருந்து நடைமுறையில் சில விஷயங்கள் தெளிவாகின்றன. போனைச் செருகியதும் புதிய வட்டு ஏதும் வந்திருக்கிறதா என்று ஜிபார்ட்டட் போன்ற வட்டுப் பிரிப்புக் கருவிகளில் தேடுவது வீண், வட்டு வராது. மவுண்ட் கட்டளை கொடுக்கவும் அங்கே ஒன்றும் இருக்காது. அழிந்துபோன படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் போன்ற கருவிகளும் எம்டிபி வழியே உதவாது. அவை வட்டின் ஒவ்வொரு தொகுதியையும் தாமே படித்துத் தேடுபவை. எம்டிபியோ அந்த ஆழத்துக்கு யாரையும் விடுவதில்லை. போனின் உள் சேமிப்பகத்தில் அழித்த படத்தை இப்படி மீட்கலாம் என்று யாராவது கூறினால் நம்ப வேண்டாம்.

மேக் கணினிகளில் எம்டிபி வசதி உள்ளமைவாகக் கிடையாது. ஆண்ட்ராய்டு போனுக்குத் தனிச் செயலி தேட வேண்டும். வழக்கமான லினக்ஸ் மேசைத்தளங்கள் பலவற்றில் எம்டிபி வசதி கூடவே வருகிறது. லினக்ஸ்தான் குறை என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் சந்தேகம் கேபிள்மீது

சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கின்றன. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. மலிவான பல கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் உள்ளே இருப்பதே இல்லை. விளக்கு, காற்றாடி, பவர் பேங்க் ஆகியவற்றோடு வரும் குட்டைக் கேபிள்கள் பல இந்த ரகம்தான். சார்ஜ் ஏறும், கணினிக்குப் போன் வந்ததே தெரியாது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. போனோடு பெட்டியில் வந்த கேபிளையோ, வேறொரு கணினியில் கோப்பு நகலெடுத்து உறுதிசெய்த கேபிளையோ போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கம்பிகள் இருந்தும் இற்றுப்போயிருக்கலாம். போனின் டைப்-சி துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்துக்கொண்டு முனைகள் முழுதாகப் பதியாமல் போவது அன்றாடம் நடப்பது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெல்ல எடுத்தாலே பல ‘லினக்ஸ் பிரச்சினைகள்’ தீர்ந்துவிடும். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகக் கணினியில் செருக வேண்டும். மேசைக் கணினியாக இருந்தால் பெட்டியின் முன்பக்கத் துளைகளை விட, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பின்பக்கத் துளைகள் நம்பகமானவை.

போன் சம்மதிக்க வேண்டும்

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், யுஎஸ்பி இணைத்ததும் போன் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். கோப்புகளைக் காட்ட வேண்டுமானால் உரிமையாளர் தானே அனுமதிக்க வேண்டும். பொது இடத்தில் யாரோ ஒருவருடைய கணினியில் சார்ஜ் போடும்போது படங்கள் களவு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: கேபிளைச் செருகி, போனின் திரைப்பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்து, யுஎஸ்பி வழியே சார்ஜ் ஏறுகிறது என்ற அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில போன்களில் இதுவே ஆண்ட்ராய்டு ஆட்டோ என்ற பெயரோடு ஒரே வரியில் சேர்ந்திருக்கும். பூட்டிய போன் கணினிக்குத் தன் பெயரைச் சொல்லும், சேமிப்பகத்தைக் காட்டாது. ‘போன் திறக்கிறது, உள்ளே காலியாக இருக்கிறது’ என்ற புகாரில் பெரும்பங்கு இந்த ஒரு காரணத்தால் வருவதே.

தினமும் இணைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் யுஎஸ்பியின் இயல்புநிலையைக் கோப்புப் பரிமாற்றமாக மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் திரைப்பூட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

கெர்னலின் சாட்சியம்

இதுவரை பார்த்ததெல்லாம் கையால் செய்வது. இனித்தான் லினக்ஸின் பலம் தெரியும். எது நடந்தாலும் கெர்னல் குறித்து வைக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் கட்டளை எல்எஸ்யுஎஸ்பி, ஐந்தே எழுத்து. கணினியோடு இணைந்த யுஎஸ்பி சாதனங்களை வரிசையாகக் காட்டும். போனைச் செருகாமல் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை ஓட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும். புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தால் கேபிளின் தரவுக் கம்பிகள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். சேராவிட்டால் மென்பொருளைத் தொடவே வேண்டாம். திரும்பவும் கேபிளுக்கும் துளைக்கும் போக வேண்டும். எந்தத் தொகுப்பை நிறுவினாலும் இல்லாத கம்பி முளைக்காது.

வரியில் முக்கியமானது நடுவில் முக்காற்புள்ளியோடு வரும் எண் இணை. முற்பகுதி நிறுவனத்தைக் குறிக்கும்: 04ஈ8 என்றால் சாம்சங், 18டி1 என்றால் கூகுள், 2717 என்றால் ஷாவ்மி, 05ஏசி என்றால் ஆப்பிள். பிற்பகுதி சாதனத்தையும், பல போன்களில் அது அப்போது இருக்கும் நிலையையும் சொல்லும். கூகுளின் பிக்சல் போனில் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் 4ஈஈ1 என்று வரும்; அதோடு யுஎஸ்பி டிபக்கிங்கும் இயக்கத்தில் இருந்தால் 4ஈஈ2; படங்களுக்கான பிடிபி நிலை என்றால் 4ஈஈ5. போனில் நிலையை மாற்ற மாற்ற இந்த எண்ணும் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மாறாவிட்டால் போன் கேட்டதைச் செய்யவில்லை என்று அர்த்தம். அதை அணைத்துப் போடுவது பலன் தரும்.

இரண்டாவது கட்டளை டி, எம், ஈ, எஸ், ஜி ஆகிய ஐந்து எழுத்துகளால் ஆனது. கெர்னலின் குறிப்பேட்டைத் திறந்து காட்டும். முன்னால் நிர்வாகி உரிமை தரும் சுடோவைச் சேர்த்து, பின்னால் ஒரு கழித்தல் குறியும் டபிள்யூ எழுத்தும் போட்டு ஓட்டினால் நடப்பதை நேரலையாகவே பார்க்கலாம். அந்தச் சாளரம் திறந்திருக்கும்போது போனைச் செருக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், புதிய ஹை-ஸ்பீடு சாதனம் வந்தது என்ற வரியும், அதன் கீழே நிறுவனம், மாடல் பெயர்களும் வரும்.

சரியில்லாதபோது வரும் வரிகள் இன்னும் பயனுள்ளவை. சாதன விவரத்தைப் படிக்கும்போது பிழை, எண் கழித்தல் 71 என்று வந்தால், மின்குறிகள் சிதைந்து வருகின்றன. கழித்தல் 110 என்றால் கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை. இரண்டுமே பெரும்பாலும் கேபிள், துளை, ஹப் ஆகியவற்றைத்தான் சுட்டுகின்றன. இவற்றைத் தேடுபொறியில் போட்டால் கெர்னல் அமைப்புகளை மாற்றச் சொல்லும் யோசனைகள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் இறங்கும் முன் வேறொரு கேபிளைச் செருகிப் பார்ப்பது அறிவுடைமை.

இன்னொரு நுட்பமான தடயமும் உண்டு. ஹை-ஸ்பீடு என்று வர வேண்டிய இடத்தில் ஃபுல்-ஸ்பீடு என்று வந்தால் எச்சரிக்கையாக வேண்டும். பெயர் பெரிதாக இருந்தாலும் அது நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே. ஹை-ஸ்பீடு 480 மெகாபிட். ஸ்மார்ட்போன் ஃபுல்-ஸ்பீடுக்கு இறங்கியிருக்கிறது என்றால் தரமான இணைப்பு அமையாமல் பின்வாங்கியிருக்கிறது. கோப்பு வரும், ஆனால் நொடிக்கு ஒரு மெகாபைட் அளவில் ஊர்ந்துதான் வரும்.

குறிப்பேட்டு வரியில் வரும் சாதன எண்ணையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை புதிதாக இணையும்போதும் அது ஏறும். யாரும் தொடாமலே ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போனால், தொடர்பு அறுந்து அறுந்து சேர்கிறது. மடிக்கணினியில் மின்சாரத்தைச் சேமிக்க டிஎல்பி என்ற கருவியை நிறுவியிருப்பவர்கள் அதன் யுஎஸ்பி உறக்க அமைப்பையும் ஒரு முறை சந்தேகிக்கலாம். போன்களை அதிலிருந்து விலக்கிவைக்க அதில் தனி வரி இருக்கிறது.

மென்பொருள் எங்கே இருக்கிறது

கெர்னல் போனைப் பார்த்துவிட்டது, கோப்பு மேலாளர் மட்டும் பார்க்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் அடுக்குக்கு வர வேண்டும். லினக்ஸில் எம்டிபி பேசும் அடிப்படை நூலகம் லிப்எம்டிபி. ஆண்ட்ராய்டு வருவதற்கு முன்பு, கிரியேட்டிவ் ஜென் போன்ற இசைக் கருவிகளுக்காகத் தொடங்கியது இது. அதனால்தான் இன்றைய சாம்சங், ஷாவ்மி போன்களின் எண்களும் அதன் மூலநிரலில் ‘மியூசிக் பிளேயர்ஸ்’ என்ற கோப்பில் போய்ச் சேர்கின்றன.

இந்த நூலகத்தின் மேல் நின்று மேசைத்தளத்துக்கு வழிவிடும் மென்பொருள் இரண்டு வகை. க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் ஜிவிஎஃப்எஸ், கேடிஇயில் கேஐஓ. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் என்ற தொகுப்பு தேவை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே என்பதால் அங்கும் இதே பெயர்தான். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ஜிவிஎஃப்எஸ்-எம்டிபி. கேடிஇயில் இருப்பவர்களுக்கு கேஐஓ-எக்ஸ்ட்ராஸ். முழு உபுண்டு நிறுவலில் தேவையான தொகுப்பு கூடவே வந்துவிடும். பழைய கணினிக்காக எடைகுறைந்த நிறுவலைத் தேர்ந்தவர்களும், ஐ3 போன்ற சாளர மேலாளரைத் தாமே அமைத்துக்கொண்டவர்களும்தான் இங்கே சிக்குவார்கள்.

சோதிக்க எளிய கருவி எம்டிபி-டிடெக்ட். டெபியன் குடும்பத்தில் எம்டிபி-டூல்ஸ் தொகுப்பில் இருக்கிறது. ஓட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். சாதனம் எதுவும் இல்லை என்று சொன்னால் போன் இன்னும் சார்ஜ் நிலையிலேயே இருக்கிறது. போனின் மாடலைச் சொல்லி, சேமிப்பகத்தின் கொள்ளளவையும் காட்டினால் எல்லாம் சரி. கோளாறு கோப்பு மேலாளரிலோ, அதற்கு வழிவிடும் ஜிவிஎஃப்எஸ், கேஐஓ தொகுப்பிலோதான். இந்த எண் எங்கள் பட்டியலில் இல்லை, தெரிவியுங்கள் என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத புது மாடல்களும் பெரும்பாலும் வேலை செய்யும்.

சுடோ சேர்த்தால் மட்டும் எம்டிபி-டிடெக்ட் வேலை செய்கிறது என்றால் அது அனுமதிச் சிக்கல். கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்தவருக்கே போனைத் தொடும் உரிமையை, சாதனங்களை நிர்வகிக்கும் யுடெவ் விதிகள் கொடுக்கின்றன. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வந்தவருக்குக் கொடுப்பதில்லை. விதிகள் காணாமல் போயிருந்தால் லிப்எம்டிபி-காமன், லிப்எம்டிபி-ரன்டைம் ஆகிய இரண்டையும் மீண்டும் நிறுவி, போனைக் கழற்றிச் செருகினால் போதும். கோப்பு மேலாளரையே ரூட் எனும் நிர்வாகியாக ஓட்டுவது பிழையான வைத்தியம். நகலெடுத்த படங்களெல்லாம் ரூட்டின் சொத்தாகிவிடும். அப்புறம் அழிக்கவும் திருத்தவும் இடைஞ்சல்.

ஒரு போன், ஒரே வாடிக்கையாளர்

எம்டிபியின் முக்கியமான கட்டுப்பாடு இதுதான். பலர் தெரிந்துகொள்ளாததும் இதுவே. போனின் எம்டிபி இடைமுகத்தை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். க்னோமில் போனைச் செருகியவுடனே ஜிவிஎஃப்எஸ் பின்னணியில் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் எம்டிபி-டிடெக்டை ஓட்டினால் ‘சாதனம் பரபரப்பாக இருக்கிறது’ என்ற பொருளில் பிழை வரும். பார்ப்பவர் போன்தான் பழுது என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு கருவியை நிறுவுவார். அதற்கும் இதே பதில்தான் கிடைக்கும். நிறுவ நிறுவப் போட்டியாளர்கள்தான் கூடுகிறார்கள்.

படங்களைத் தானாக இறக்கும் ஷாட்வெல், டிஜிகேம் போன்ற செயலிகளும் இந்த வரிசையில் உண்டு. மெய்நிகர் கணினி ஓட்டுபவர்கள் விர்ச்சுவல்பாக்ஸைக் கவனிக்க வேண்டும். அதற்குள் ஓடும் விண்டோஸுக்குப் போனை ஒப்படைக்கும்படி வடிகட்டி அமைத்திருந்தால், செருகிய உடனே போன் அந்தப் பக்கம் போய்விடும்.

தீர்வு எளிது. கோப்பு மேலாளரில் போனின் பெயரருகே உள்ள வெளியேற்றக் குறியை அழுத்திவிட்டு, பின்பு மற்றக் கருவியை ஓட்டலாம். பிடிவாதமாக விடாமல் இருந்தால், பி-கில் (பி, கே, ஐ, எல், எல்) என்ற கட்டளைக்குப் பின்னால் ஜிவிஎஃப்எஸ்டி-எம்டிபி என்ற பெயரைக் கொடுத்து அந்த நிரலை நிறுத்தலாம். அடுத்த முறை செருகும்போது அது தானாக எழுந்து வரும், எதுவும் கெடாது. நகலெடுப்பு பாதியில் நின்று உறைந்துபோகும்போதும் இதே வைத்தியம்தான். கணினியை மறுதொடக்கம் செய்வதற்குமுன் இதைச் செய்து பார்க்கலாம்.

ஜிவிஎஃப்எஸ் எங்கே இணைக்கிறது என்று தேடுபவர்களுக்கு: ரன் கோப்புறைக்குள் யூசர், அதற்குள் பயனர் எண், பெரும்பாலும் 1000, அதற்குள் ஜிவிஎஃப்எஸ். முனையத்திலிருந்து அங்கே போய் நகலெடுக்க முடியும்.

திறந்த பிறகு வரும் தொல்லைகள்

சில ஆயிரம் படங்கள் உள்ள கேமரா கோப்புறையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் கணினி தனித்தனியே கேட்டு வாங்குகிறது. முன்காட்சிப் படங்களும் வேண்டுமென்றால் வேலை இன்னும் கூடும். தொலைவில் உள்ள கோப்புகளுக்கு முன்காட்சி வேண்டாம் என்று கோப்பு மேலாளரின் அமைப்பில் மாற்றினால் வேகம் தெரியும். பொறுமையாக இருப்பதும் ஒரு வழிதான். அவசரப்பட்டு இரண்டு மூன்று சாளரங்களைத் திறந்தால் எல்லாம் ஒரே வரிசையில் நின்று தாமதம் பெருகும்.

போனில் இருக்கும் ஆவணத்தையோ காணொளியையோ அங்கேயே திறந்து திருத்த முயல்வதும் சரிவராது. எம்டிபி அப்படிப்பட்ட வேலைக்குப் பிறந்ததல்ல. கணினிக்கு நகலெடுத்து, திருத்தி, திரும்ப அனுப்ப வேண்டும்.

டைப்-சி துளை இருப்பதால் மட்டும் வேகம் வந்துவிடாது. 2023இல் வந்த ஐபோன் 15 கூட டைப்-சி துளையோடு வந்தாலும் உள்ளே யுஎஸ்பி 2.0 வேகம்தான். அந்த வேகத்தில் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைத்தாலே நல்லது.

வாட்ஸ்அப் படங்களைத் தேடி வழிதவறுபவர்கள் நிறைய. முன்பெல்லாம் உள் சேமிப்பகத்தைத் திறந்ததும் முதல் வரிசையிலேயே வாட்ஸ்அப் கோப்புறை கண்ணில் படும். ஆண்ட்ராய்டு 11இன் சேமிப்பக விதிகளுக்குப் பிறகு அது இடம் மாறிவிட்டது. இப்போது ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப்பின் தொகுப்புப் பெயர் கொண்ட கோப்புறை, அதற்குள் வாட்ஸ்அப், பிறகு மீடியா என்று ஆழமாக இறங்க வேண்டும். கேமரா படங்கள் எப்போதும்போல டிசிஐஎம் கோப்புறையில்.

பட்டன் போனும் மெமரி கார்டும்

மாஸ் ஸ்டோரேஜ் இன்னும் செத்துவிடவில்லை. பட்டன் போன்கள் பல இன்றும் செருகியதும் அந்த முறையைத்தான் கேட்கின்றன. கார்டு ரீடரில் போட்ட மெமரி கார்டும் அதே வகை. இங்கே மட்டும் வட்டு தோன்றும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்க்கலாம்.

இங்கே வரும் வழக்கமான புகார், கார்டில் எழுத முடியவில்லை, படிக்க மட்டும் முடிகிறது என்பது. முன்பு ஒரு நாள் வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கியிருப்பார்கள். கோப்பமைப்பில் ஓட்டை விழுந்திருக்கும். கெர்னல் அதைக் கண்டதும் மேலும் சேதமாகாதபடி எழுதுவதை நிறுத்திவிடுகிறது. குறிப்பேட்டில் ஃபேட் என்று தொடங்கும் வரியில் இது தெளிவாக இருக்கும். கார்டில் விலைமதிப்பில்லாத படங்கள் இருந்தால் முதலில் அவற்றை நகலெடுக்க வேண்டும். அதன் பிறகே, கார்டை மவுண்ட் நீக்கிவிட்டு, ஃபேட் வகைக்குரிய எஃப்எஸ்சிகே கட்டளையால் சரிசெய்யலாம். வரிசையை மாற்றக் கூடாது. சரிசெய்யும் கருவி சில சமயம் சிதைந்த கோப்புகளை வெட்டிவிடும். அழிந்த படங்களை மீட்க ஃபோட்டோரெக் உதவுவதும் இந்தக் கார்டுகளில்தான்.

64 ஜிபி, அதற்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவில் வருகின்றன. 2020இல் வந்த கெர்னல் 5.7 முதல் இதற்கான முறையான இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய கெர்னல் ஓடும் பழைய கணினிகளில் தனித் தொகுப்பு தேவைப்படலாம். ஆண்ட்ராய்டில் ‘உள் சேமிப்பகமாக’ வடிவமைத்த கார்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அது அந்தப் போனைத் தவிர வேறெங்கும் திறக்காது. லினக்ஸ், விண்டோஸ் என்ற பேதமும் கிடையாது.

எம்டிபி கைவிட்டால்

எல்லாம் சரியாக இருந்தும் பெரிய கோப்புறைகளை நகலெடுக்கும்போது எம்டிபி அடிக்கடி அறுந்தால், அதோடு மல்லுக்கட்டுவதை விட ஏடிபி என்ற கட்டளைக் கருவி நல்லது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கணினியில் ஏடிபி தொகுப்பை நிறுவி, இணைத்ததும் போனில் வரும் ஒப்புதல் கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும். ஏடிபி டிவைசஸ் என்று கொடுத்தால் போன் பட்டியலில் வரும். ‘அன்ஆதரைஸ்டு’ என்று வந்தால் போன் திரையில் அந்தக் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. ஏடிபி புல் கட்டளையோடு கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து கேமரா கோப்புறையைக் கேட்டால், எடுத்த தேதி மாறாமல் படங்கள் மொத்தமாக இறங்கும். பத்தாயிரம் படங்கள் உள்ள போனுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது. வேலை முடிந்ததும் டிபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். திறந்தே விட்டால் அது பாதுகாப்புக் குறை.

கேபிள் துளையே கெட்டுப்போன போனுக்குக் கேடிஇ கனெக்ட் இருக்கிறது. போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். க்னோம் பயனர்களுக்கு ஜிஎஸ்கனெக்ட் நீட்சி. தீயரண் வைத்திருப்பவர்கள் 1714 முதல் 1764 வரையிலான துறைகளைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று காணாது.

ஐபோன் தனிக் கதை. அது எம்டிபி பேசாது. லிப்ஐமொபைல்டிவைஸ், யுஎஸ்பிமக்ஸ்டி, ஐஃப்யூஸ் ஆகியவை தேவை. இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்விக்குப் போனில் ஒப்புதல் கொடுத்த பிறகு கேமரா படங்கள் தெரியும்.

எந்த வழியில் எடுத்தாலும் ஒரு விதியை மீற வேண்டாம். போனிலிருந்து படங்களை ‘வெட்டி ஒட்டாதீர்கள்’. நகல் மட்டுமே எடுங்கள். எம்டிபி இணைப்பு பாதியில் அறுந்தால், வெட்டிய கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகும் அபாயம் உண்டு. நகலெடுத்த பின் இரு கோப்புறைகளிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். சில காணொளிகளைக் கணினியில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு போனில் இடம் காலி செய்யுங்கள்.